முதல் நைட் டூட்டியில் பக்கத்தில் யார்?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சில் பதிவும் கைக்கு வந்துவிட்டது. சென்னையில் மூன்று இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாவது 500 படுக்கை உள்ள கார்ப்பரேட் மருத்துவமனை. சம்பளம் 18,000, ஹாஸ்டல், மெஸ் சேர்த்து 6,500 பிடிப்பார்கள். இரண்டு வருட பாண்ட் எழுதிக்கொடுத்து, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது, குரோம்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் 30 படுக்கை நர்சிங் ஹோம். 16,000 ரொக்கமாகக் கையில் தருவார்கள். பாண்ட் கிடையாது. "பிரசவத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் எல்லாமே இங்க கத்துக்கலாம்மா" என்கிறார் டாக்டர். மூன்றாவது, பெரம்பூர் பக்கம் 150 படுக்கை டிரஸ்ட் மருத்துவமனை. 15,500 சம்பளம், ஹாஸ்டல் இலவசம், சாப்பாட்டுக்கு 2,000. வீட்டில் படிப்புக் கடன் இருக்கிறது. தம்பி காலேஜ் படிக்கிறான். பெரிய ஆஸ்பத்திரி பேர் இருந்தால்தான் பின்னால் வெளிநாடு போகலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். எங்கேயும் சேராதே, அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படி என்கிறார் மாமா. நான் எதை எடுப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: என் மகள் வயசும்மா உனக்கு. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். வார்டு, காஷுவாலிட்டி, ஐசியூ என்று 27 வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். உன் கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, படுக்கை எண்ணிக்கை இருக்கிறது, பாண்ட் இருக்கிறது. நான் முதலில் தேடிய ஒரு விஷயம் மட்டும் இல்லை. இந்த மூன்று இடங்களிலும், சேர்ந்த முதல் மாதம் ராத்திரி டூட்டியில் உன் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

என் முதல் வேலை ஒரு தனியார் மருத்துவமனையில். சேர்ந்து பதினோராவது நாள் என்னை நைட் போட்டார்கள். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 28 நோயாளிகள். நான், ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான். 12 மணி டோஸ் கொடுக்க வேண்டிய நேரம். நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவருக்கு செஃபோடாக்சிம் ஊசி. பவுடர் இருக்கும் சின்னப் புட்டியில், அதாவது வயலில், டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் கலக்க வேண்டும், தெரியும்தானே? டிரேயில் கையை விட்டு ஒரு ஆம்பூலை எடுத்தேன், உடைத்தேன், கலந்தேன், சிரிஞ்சில் ஏற்றினேன். கேனுலா மூடியைத் திறக்கப் போகும் நேரம், பக்கத்து வார்டு சீனியர் சிஸ்டர், தங்கள் பி.பி. ஆபரேட்டஸ் பழுதாகி, எங்களுடையதைக் கேட்டு வந்தார். வந்தவர் என் கையைப் பார்க்கவில்லை, டிரேயைப் பார்த்தார். "எந்த ஆம்பூல் உடைச்ச? காட்டு" என்றார்.

காட்டினேன். பொட்டாசியம் குளோரைடு. அதே பத்து மில்லி, அதே கண்ணாடி, அதே நிறமில்லாத தண்ணீர். பொடி எழுத்து. அதை நேராக நரம்பில் தள்ளியிருந்தால் அந்தப் பெரியவரின் இதயம் அங்கேயே நின்றிருக்கும். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. சிரிஞ்சை வாங்கிக் கீழே கொட்டினார். புது வயல் எடுத்து என்னையே மறுபடி கலக்க வைத்தார், ஆம்பூலின் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார், நான் ஊசி போட்டு முடிக்கும் வரை கூடவே நின்றார். பெரியவர் கண்ணைத் திறந்து "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கை நடுக்கம் நிற்க விடிந்துவிட்டது.

காலையில் இன்சார்ஜிடம் நானே போய்ச் சொன்னேன். "பார்த்துச் செய்யணும்மா" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமும் பொட்டாசியமும் டிஸ்டில்ட் வாட்டரும் ஒரே டிரேயில்தான் கிடந்தன. நான் கவனமில்லாமல் எடுத்தது என் தப்பு, அதை இன்றுவரை மறுத்ததில்லை. ஆனால் பதினோரு நாள் ஆன பெண்ணிடம் 28 உயிரை விட்டுவிட்டு, அந்த டிரேயையும் அப்படியே வைத்திருந்த இடத்தில், அந்தப் பெரியவர் பிழைத்தது பி.பி. ஆபரேட்டஸ் பழுதானதால்தான்.

அதனால் நீ எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வார்டை ஒரு தடவை பார்க்க அனுமதி கேள். பார்க்கும்போது பொட்டாசியம் குளோரைடு எங்கே இருக்கிறது என்று கவனி. அடர்த்தியான பொட்டாசியக் கரைசலை வார்டு டிரேயிலேயே விடாமல், தனியாகப் பூட்டியோ சிவப்பு லேபிள் ஒட்டியோ வைத்து, இரண்டு நர்ஸ் சேர்ந்து சரிபார்த்து எடுக்கும் வழக்கம் இருந்தால், அங்கே தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வரவேற்பறை மார்பிளைப் பார்ப்பதைவிட இது உனக்கு அதிகம் சொல்லும்.

சரி, உன் மூன்று இடங்களுக்கு வருவோம்.

நர்சிங் ஹோமை முதலிலேயே ஒதுக்கிவிடச் சொல்வேன். சித்தி வீடு பக்கத்தில் இருக்கிறது, கையில் வரும் காசும் மூன்றில் அதிகம், எனக்குப் புரிகிறது. ஆனால் "எல்லாமே கத்துக்கலாம்" என்ற வார்த்தை எனக்குப் பயத்தைத்தான் தருகிறது. யார் கற்றுக்கொடுப்பார்கள்? 30 படுக்கை இடத்தில் ராத்திரி டாக்டர் வீட்டில் இருப்பார், போனில் ஆர்டர் சொல்வார். சிறிய இடங்கள் பலவற்றில் வெள்ளை உடையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேர் ஆறு மாத, ஒரு வருட கோர்ஸ் முடித்தவர்கள். நல்ல பிள்ளைகள், கைவேலை சுறுசுறுப்பாக இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்சில் பதிவு உள்ள ஆள் நீ ஒருத்திதான் என்றால், கேஸ் ஷீட்டில் கையெழுத்து உன்னுடையது. பிரசவ வலியில் வந்த பெண்ணுக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினால், அதை முதலில் கண்டுபிடித்து, டாக்டரை எழுப்பி, அவர் வந்து சேரும்வரை சமாளிக்க வேண்டியவள் நீ. ஐந்து வருட அனுபவத்துக்குப் பிறகு அதே இடத்துக்குப் போ, ராணி மாதிரி நடத்துவாய். முதல் வருடம் வேண்டாம்.

இன்னொன்று. ரொக்கமாகத் தருகிறார்கள் என்றால் சம்பள ஸ்லிப் இருக்காது, பி.எஃப். இருக்காது, ஈ.எஸ்.ஐ. இருக்காது. பின்னால் நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு அந்த டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒரு தாளைத் தவிர ஒன்றுமே இருக்காது. நர்ஸ்கள் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு 2016இல் பரிந்துரை கொடுத்தது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்ஸ் வாங்கும் சம்பளமே தர வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் அது தாளோடு நின்றுவிட்டது. இருந்தாலும் உன் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று நீயாவது தெரிந்து வைத்துக்கொள். 16,000 என்பது யாரும் உனக்குச் செய்யும் தயவு இல்லை.

இப்போது அந்த 18,000. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேசிக் 12,000 என்று வைத்துக்கொள். பி.எஃப். 12 சதவீதம், 1,440 போகும். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 போகும். ஹாஸ்டல், மெஸ் 6,500. கையில் 9,925. டிரஸ்ட் மருத்துவமனையில் 15,500, பேசிக் 10,500 என்றால் பி.எஃப். 1,260, ஈ.எஸ்.ஐ. 117, சாப்பாடு 2,000. கையில் 12,123. ஆக, குறைந்த சம்பளம் என்று நீ நினைத்த இடத்தில் மாதம் 2,000க்கு மேல் அதிகமாக வீட்டுக்கு அனுப்பலாம். பேசிக் எவ்வளவு என்பது ஆஃபர் லெட்டரில் இருக்கும், அதை வைத்து நீயே சரியான தொகையைப் போட்டுப் பார். பி.எஃப். பிடிப்பதைப் பார்த்துக் கவலைப்படாதே, அதே அளவு அவர்களும் போடுகிறார்கள், அது உன் காசு. ஈ.எஸ்.ஐ.யும் வீண் இல்லை, அது உனக்கு மருத்துவக் காப்பீடு. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. அப்பா அம்மா உன் சம்பாத்தியத்தை நம்பி இருப்பவர்கள் என்றால், வருமான வரம்புக்குள் இருக்கும்வரை அவர்களையும் சேர்க்கலாம். கே.கே. நகர், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

கார்ப்பரேட் மருத்துவமனையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. பெரிய இடத்தில் சில பழக்கங்கள் ரத்தத்தில் ஊறிவிடும். மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கையில் கட்டிய பெயர்ப் பட்டையைப் பார்ப்பது, ஷிஃப்ட் மாறும்போது படுக்கைப் பக்கத்தில் நின்று அடுத்த நர்ஸிடம் விவரம் சொல்லி ஓவர் கொடுப்பது, டாக்டர் போனில் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, இதெல்லாம் அங்கே கட்டாயம். சின்ன இடத்தில் பழகிவிட்டு இவற்றைப் பின்னால் கற்றுக்கொள்வது கஷ்டம். ஆனால் அங்கே நீ எந்த வார்டில் விழுவாய் என்பது உன் கையில் இல்லை. இரண்டு வருடமும் ஒரே ஆர்த்தோ வார்டில் கழித்துவிட்டு, கேனுலா போட ஒரு டீம், ரத்தம் எடுக்க ஒரு டீம் என்று இருந்ததால், வெளியே வரும்போது நரம்பு தேடத் தெரியாமல் நின்ற பெண்களை நான் இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

அந்த ஒரிஜினல் சர்டிபிகேட் சமாச்சாரம்தான் எனக்கு ஒத்துவரவே இல்லை. பாண்ட் என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பிக் கையெழுத்துப் போடாதே. நியாயமான பாண்டை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதும் உண்டு. பாதியில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், ஒரு வருடம் முடித்திருந்தால் அந்தத் தொகை குறையுமா, அவர்களே வேலையை விட்டு அனுப்பினால் என்ன என்று எழுத்தில் வாங்கு. பாண்ட் எழுதுவது அவர்களுக்கும் உனக்கும் உள்ள ஒப்பந்தம், பேசிக்கொள்ளலாம். சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது வேறு. எம்.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டால் ஒரிஜினல் வேண்டும். வெளிநாட்டுக்கு அட்டெஸ்டேஷன் செய்ய ஒரிஜினல் வேண்டும். உடம்பு முடியாமல் வேலையை விட வேண்டிய நிலை வந்தாலும் அதை வாங்க நீ அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். அப்பா கடன் வாங்கி, நீ நாலு வருடம் ராத்திரி கண்விழித்துப் படித்துச் சேர்த்த தாள் அது. எவர் பீரோவிலும் அது இருக்க வேண்டியதில்லை.

எச்.ஆரிடம் மரியாதையாக இப்படிக் கேட்டுப் பார்: "ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்து வருகிறேன் மேடம். நீங்கள் சரிபார்த்துக்கொண்டு, நான் கையெழுத்திட்ட நகல்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை அன்றே திருப்பித் தர முடியுமா?" ஒப்புக்கொண்டால் அந்த இடத்தை மறுபடி யோசிக்கலாம். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு.

நான் உன் இடத்தில் இருந்தால் டிரஸ்ட் மருத்துவமனைக்குப் போவேன். 150 படுக்கை என்பது புதிதாக வரும் நர்ஸுக்கு நல்ல அளவு. மெடிக்கல், சர்ஜிக்கல், பிரசவ வார்டு, காஷுவாலிட்டி, சின்னதாக ஒரு ஐசியூ எல்லாம் இருக்க வாய்ப்பு உண்டு, மாற்றி மாற்றிப் போடுவார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனுக்கு உன் பெயர் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பகட்டு இருக்காது, சில சாமான்கள் பழசாக இருக்கும், பம்ப் இல்லாமல் டிரிப்ஸ் சொட்டை எண்ண வேண்டி வரும். எண்ணு. கைக்கும் கண்ணுக்கும் அது நல்லது. ஆனால் டிரஸ்ட் என்ற பேருக்காக மட்டும் போகாதே, சேவை என்று சொல்லியே ஆளைப் பிழிகிற இடங்களும் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்.

எப்படிப் பார்ப்பது? இன்டர்வியூ அறையில் கேட்டால் எல்லோரும் அழகாகத்தான் பதில் சொல்வார்கள். நீ ஒரு நாள் சாயங்காலம், நைட் டூட்டிக்கு ஆள் மாறும் நேரத்துக்குப் போ. பெரும்பாலும் ஏழரை, எட்டு மணி. வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கும், டூட்டி முடிந்த பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். எட்டு மணி டூட்டிக்காரி எட்டேகாலுக்கு வெளியே வருகிறாளா, ஒன்பதரைக்கு வருகிறாளா பார். முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உன் வயசுப் பெண்ணாகப் பார்த்து, "அக்கா, நான் இங்க சேரலாம்னு இருக்கேன்" என்று பேச்சுக் கொடு. நம் பிள்ளைகள் இந்த விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார்கள். சேர்ந்த புதிதில் எத்தனை நாள் கூட ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், நைட்டில் உங்களுக்கு எத்தனை நோயாளி, வாரம் ஒரு ஆஃப் ஒழுங்காகக் கிடைக்கிறதா, ஆள் வரவில்லை என்றால் டபுள் டூட்டி யார் தலையில் விழும், இதையெல்லாம் கேள். கடைசியாக ஒன்று கேள்: "ராத்திரி சந்தேகம் வந்தா யார்கிட்ட கேப்பீங்க? கேட்டா திட்டுவாங்களா?" இந்தக் கேள்விக்கு அந்தப் பெண் உடனே ஒரு பெயரைச் சொன்னால், "இன்சார்ஜ் அக்காகிட்ட கேப்போம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றால், எனக்கு அது போதும், அந்த இடத்தில் உன்னைக் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்வேன். "கேக்காம இருக்கறதே நல்லது" என்று சிரித்தால் திரும்பி வந்துவிடு. சந்தேகம் கேட்கப் பயப்படுகிற வார்டில்தான் நோயாளிகளுக்கு ஆபத்து.

எண்ணிக்கைக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள். வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நர்ஸ், வென்டிலேட்டர் இல்லாத ஐசியூ நோயாளிகள் இருவருக்கு ஒருவர், சாதாரண வார்டில் ஆறு பேருக்கு ஒருவர். மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் என்.ஏ.பி.எச். தரச்சான்று இதைத்தான் எதிர்பார்க்கிறது. நிஜத்தில் ராத்திரி வார்டில் பத்துப் பேர் வரை வரும், சீனியர் ஒருவர் கூட இருந்தால் சமாளிக்கலாம். தனியாக 20 பேர் என்றால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் முதல் வேலையாக அதை எடுக்காதே. முதல் ஒரு மாதமாவது உன் பெயரில் நோயாளியைத் தனியாகப் போடாமல், ஒரு சீனியருடன் சேர்த்து விட வேண்டும். ஐசியூ என்றால் மூன்று மாதம். இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், நல்ல மேட்ரனாக இருந்தால் நீ கேட்டதற்காகவே உன்னைப் பிடித்துப்போகும்.

ஐசியூவில் போடுகிறோம் என்று ஆசை காட்டினால்? இதில் என்னோடு ஒத்துப்போகாத சீனியர்கள் இருக்கிறார்கள். என் அபிப்ராயம், முதல் ஆறு மாதமாவது வார்டில் இரு. ஐசியூவில் மானிட்டர் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வார்டில் நீதான் மானிட்டர். மூச்சு எண்ணும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குகிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. செய்யாதே. நாடி பார்ப்பது போல நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள், நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காமல் அப்படியே நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், அதற்குத்தான் இந்த உபாயம். நேற்று 18 இருந்தது இன்று 26 என்றால், பி.பி. இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே உடம்பு உனக்குச் சொல்லிவிட்டது. இதை நான் கற்றது ஒரு பழைய மெடிக்கல் வார்டில்தான், எந்த மெஷினிடமும் இல்லை.

பெண்ணாகப் போகிறாய், இன்னும் சில விஷயங்கள் பார்க்க வேண்டும். ஹாஸ்டல் மருத்துவமனை வளாகத்திலோ நடக்கிற தூரத்திலோ இருக்கிறதா? நைட் முடித்துக் காலையில் வந்தால் தூங்க முடியுமா, இல்லை ஒரே அறையில் எட்டுப் பேர் வேறு வேறு ஷிஃப்ட்டில் விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருப்பார்களா? கோடையில் தண்ணீர் வருமா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கிறதா பார். நோயாளியின் ஆட்கள் குடித்துவிட்டு வந்து வார்டில் கத்தினால் செக்யூரிட்டி எத்தனை நிமிஷத்தில் வருவார் என்றும் கேள். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு உனக்குத் தேவை சட்டம் இல்லை, ஒரு ஆள்.

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வார்கள் என்று மறக்காமல் கேள். நம் தொழிலில் ஒரு தடவையாவது குத்தும். சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. அபாயம் இருந்தால் தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பயனில்லை. ராத்திரியில் அந்த மாத்திரை யாரிடம் கிடைக்கும் என்று அந்த இடத்து நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கல்லூரியில் மூன்று டோஸும் போட்டார்களா என்று உன் அட்டையை எடுத்துப் பார். ஒன்று விட்டுப்போயிருந்தால் டூட்டியில் ஏறுவதற்கு முன் போட்டுக்கொள்.

வெளிநாடு பற்றி. வளைகுடா நாடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். மற்றபடி அந்த ஊர்த் தேர்வை நீ எழுதித் தேற வேண்டும், பெயர்ப் பலகை உனக்காக எழுதாது. ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலை வரை படிக்க வேண்டும், டூட்டி பார்த்துக்கொண்டே படிக்க வருடம் ஒன்றுக்கு மேல் ஆகும். 150 படுக்கை மருத்துவமனையில், எந்த வார்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை படுக்கை என்று தெளிவாக எழுதிய அனுபவச் சான்றும், சம்பள ஸ்லிப்புகளும், பி.எஃப். கணக்கும் இருந்தால் உனக்குக் கதவு மூடாது. லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் போகாதே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, கிண்டியில் அலுவலகம். நர்ஸ் வேலைக்கு அவர்கள் விளம்பரம் வெளியிடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டிரு.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரசு வேலைக்கு எதுவும் ஈடாகாது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் மாணவியாக நான் நின்ற சில வாரங்களில் பார்த்த பிரசவங்களை, பிறகு தனியாரில் வருடக்கணக்கில் பார்த்ததில்லை. எம்.ஆர்.பி. கண்டிப்பாக எழுது. ஆனால் ஒரு விஷயத்தை மாமாவிடம் சொல். எம்.ஆர்.பி. மூலம் தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த நர்ஸாகத்தான் போடுகிறார்கள். காலியிடம் வர வரத்தான் முறையான சம்பளத்துக்கு மாற்றுகிறார்கள், அதற்காக நம் பிள்ளைகள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் கை மறந்துவிடும், கடன் வட்டி ஏறும். வேலையில் இருந்துகொண்டே தினம் ஒரு மணி நேரம் படி. வார்டில் பார்த்த நோயை அன்று ராத்திரி புத்தகத்தில் படித்தால் அது மறக்காது, தேர்வுக்கும் அதுதான் உதவும்.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். திண்டிவனத்திலிருந்து கிளாம்பாக்கம் பஸ் பிடித்து வந்து, சித்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்கு. மறுநாள் சாயங்காலம் சித்தியையும் கூட்டிக்கொண்டு பெரம்பூர் போ. டீக்கடையில் அரை மணி நேரம் நில், ஒரு பிள்ளையிடமாவது பேசு. அப்புறம் உள்ளே போய் மேட்ரனைப் பார்க்க வேண்டும் என்று சொல். வார்டைக் காட்டச் சொல். மருந்து டிரேயை ஒரு தரம் பார்த்துவிட்டு, அங்கே பொட்டாசியம் எங்கே இருந்தது என்று எனக்கு எழுது. சேர்வதாக இருந்தால், நொடி முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்.